அம்மாவின் கொயினாவை நான் குடித்த வாரம்

போன மாதம் சங்கக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் காரியதரிசி சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி, வேட்டித் தலைப்பால் தூசி துடைத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முதலில் வந்தது எரிச்சல். யோசனை அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தது.

உங்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தீர்கள். இந்த வருஷமும் ஆறு ஏறும் என்று ரயில்வேக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்குள் நாம் ஒரு வைத்திய உதவிக் குழுவைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதுதான் கூட்டத்தின் விஷயம். நல்ல விஷயம், யார் வேண்டாம் என்றது? ஆனால் காரியதரிசி படத்தைக் காட்டிச் சொன்னது இது:

"புதுசா எதையும் யோசிச்சு மண்டையை உடைச்சுக்க வேணாம். அந்தப் பெரிய வெள்ளத்துல கிள்ளான்லேருந்து வந்த குழு எப்படிச் செஞ்சாங்களோ, அப்படியே செஞ்சாப் போதும். இதோ, இந்தப் பிள்ளையைப் பாருங்க. காய்ச்சல்ல கிடந்த பிள்ளை. ஒரே வாரத்துல கன்னமெல்லாம் எப்படி உப்பிப் போச்சு பாருங்க!"

அந்தப் பிள்ளை நான்தான். முன்வரிசையில், இடமிருந்து மூன்றாவது, பாவாடை நுனியெல்லாம் சேறு. எனக்குக் காய்ச்சலே வரவில்லை. கன்னம் உப்பியிருப்பது கொயினாத் தண்ணீரால். குளிர் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து அது, என் அம்மாவுக்கு வேண்டியது. மருந்து ஊற்றும் டிரெஸ்ஸர் கண்ணில் படாமல் வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடப் பார்த்தவளைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லத்தான் பார்த்தேன். "உக்காரும்மா, கேள்வியெல்லாம் கடைசியில" என்றார்கள். கடைசியில் டீ வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நம் கையெழுத்துப் பத்திரிகையில் டீ குறுக்கே வராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கோட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா தண்டவாளம் பழுது பார்க்கும் கோஷ்டியில் மேஸ்திரி. மழை நிற்காமல் கொட்டிய மூன்றாம் நாள் வடக்கே பாதை அறுந்துவிட்டது என்று அவரையும் கோஷ்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். "ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்றார். மூன்று வாரம் ஆளையே காணோம். அவர் பேரில் தப்பில்லை. அவர் போன பாதையும் பின்னாலேயே அறுந்துபோனது.

வெள்ளம் என்றால் இரைச்சலோடு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கு அது சத்தமே இல்லாமல் வந்தது. பின்பக்கச் சாக்கடை முதலில் நின்றது, பிறகு திரும்பி ஓடியது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே நான் சோறு தின்றேன். தட்டைக் கழுவப் போனபோது அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர். பிஸ்கட் டின் ஒன்று பெரிய மனுஷன் மாதிரி கூடத்துக்குள் மிதந்து வந்தது.

ரயில்வேக் குடும்பங்களையெல்லாம் மேட்டுப் பாதையில் நின்ற சரக்குப் பெட்டிகளில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பெட்டியில் அதற்கு முன் கருவாடு ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு நாள் அந்த வாடை. பக்கத்து வீட்டு அத்தை, அவள் புருஷன், அவர்களுடைய பையன், கடைசி வீட்டு அக்கா, அம்மா, நான். கடைசி வீட்டு அக்கா காஜாங்கிலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் புருஷனும் அப்பாவோடு போனவன். அவள் பெட்டிக் கதவோரம் உட்கார்ந்து, கீழே மிதந்துபோகும் சாமான்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டினாள். "அது உங்க முக்காலி. இது யாரோட கோழிக்கூண்டு? ஐயோ, என் புது அண்டா!" அழ வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அத்தை எங்கள் இருவரையும் திட்டினாள்.

திரும்பி வந்தபோது வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. என் சிலேட்டு போயிற்று. தண்டவாள யார்டிலிருந்து நிலக்கரித் தூள் அடித்து வந்து எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அம்மாவின் தையல் மெஷின் சேற்றுக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது. அம்மா அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். மணல் அரைபடும் சத்தம் கேட்டது. துடைப்பத்தை எடுத்தாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. பழைய காய்ச்சல்தான், நனைந்ததும் திரும்பிவிட்டது. ஒரு நாள் பல் கிட்டிப்போகும்படி நடுங்குவாள், கட்டில் கால் தரையில் தட்டும். மறுநாள் எழுந்து உட்கார்ந்து, "சரியாப் போச்சு" என்பாள். அதற்கடுத்த நாள் மறுபடியும் நடுக்கம். நடுவில் வரும் அந்த ஒரு நல்ல நாளை நம்பியே எங்கள் வீட்டு வரிசையில் காய்ச்சல் கண்ட எல்லாப் பெரியவர்களும் ஏமாந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் குழு வந்து இறங்கியது. பாதி வழி லோரி, பாதி வழி சம்பான் படகு. கிள்ளானுக்கு அப்பால் ஒரு பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸர், அவருக்கு இரண்டு உதவியாட்கள், பேரேடு எழுத ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. சம்பளம் இல்லாமல் வந்தவர்கள். பள்ளிக்கூடப் பெஞ்சிலேயே படுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நல்ல மனசோடு வந்தவர்கள் என்பதால்தான் எனக்கு இத்தனை எரிச்சல். கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

டிரெஸ்ஸருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவருடையது என்றுகூடச் சொல்ல முடியாது, தோட்டத்து வழக்கம். அங்கே காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கண் முன்னாலேயே கொயினாவை ஊற்றி விழுங்க வைப்பார்கள். வாயைத் திறந்து காட்டினால்தான் நகரலாம். அவர் இருபது வருஷம் அப்படி ஊற்றியவர். பிரிக்ஃபீல்ட்ஸிலும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் மேஜை போட்டு, மருந்து வாளி வைத்து, அதே பெரட்டைப் பிடித்தார்.

எங்கள் பெரியவர்களுக்கும் ஒரு புத்தி இருந்ததே, அதையும் சொல்ல வேண்டும். "நாம என்ன தோட்டத்து ஆளுங்களா, பெரட்டுல போய் நிக்க?" என்றார் அத்தையின் புருஷன், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே. அதற்கு மேல் ஒரு வதந்தி வேறு. காய்ச்சல் என்று தெரிந்தால் லோரியில் ஏற்றி எங்கோ தனிக் கொட்டகைக் காம்புக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். அப்பா ஊரில் இல்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு போனால் நான் எங்கே போவேன்?

ஆகவே எங்கள் வரிசை முழுக்க ஒரே திட்டம் போட்டார்கள். பிள்ளைகளை அனுப்புவது. தனக்குத்தான் காய்ச்சல் என்று பிள்ளை சொல்ல வேண்டும். மருந்தைப் போத்தலில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட வேண்டும்.

"யாரு கேட்டாலும் அம்மா நல்லா இருக்காங்கன்னு சொல்லு. தெரிஞ்சுதா?" என்று அம்மா என் சடையை இறுக்கிப் பின்னினாள். அவள் விரல் என் கழுத்தில் பட்ட இடம் சுட்டது.

வரிசையில் முப்பது நாற்பது பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு போத்தல். என் முறை வந்தது.

"என்ன?" என்றார் டிரெஸ்ஸர்.

"குளிர் காய்ச்சல்."

"யாருக்கு?"

"எனக்கு."

"நாக்கை நீட்டு." நீட்டினேன். அதில் அவர் என்ன கண்டாரோ, தலையை ஆட்டினார். நான் போத்தலை நீட்டினேன்.

"போத்தல் எதுக்கு? காய்ச்சல் போத்தலுக்கா, உனக்கா? வாயைத் திற!"

ஊற்றிவிட்டார். கசப்பு என்று எழுதினால் போதாது. காது மடல் வரைக்கும் கசந்தது.

"முழுங்கு. ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. சரி, போ. அடுத்த ஆளு!"

வெறும் போத்தலோடு வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலிலிருந்து கை நீட்டினாள். "மருந்து எங்கடி?"

"வயித்துல."

அம்மா முதலில் சிரித்தாள். சிரிப்பிலிருந்து அப்படியே நடுக்கத்துக்குப் போனாள். மெத்தைக்கடியில் இருந்த சாக்கை இழுத்து அவள் மேல் போர்த்தினேன்.

மறுநாள் கெஞ்சிக் கேட்கச் சொன்னாள். கெஞ்சினேன். "ஐயா, வீட்டுல வச்சுக் குடிச்சுக்கிறேன் ஐயா. அம்மா அப்படித்தான் சொன்னாங்க."

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க. வீட்டுக்குக் கொடுத்தா வாழைக்கன்னுதான் கொயினா குடிக்கும். நான் பார்க்காததா? ஆ காட்டு!"

பார்த்திருக்கிறார்தான். கசக்கிறது, காது இரைகிறது என்று தோட்டத்து ஜனங்கள் கொயினாவைக் கொட்டிவிடுவதும், அதற்காக டிரெஸ்ஸர்கள் மேலதிகாரிகளிடம் பேச்சு வாங்குவதும் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வயிற்றுக்குள் போனது அம்மாவுக்குப் போயிருக்காது.

மூன்றாம் நாள் என் காதுக்குள் சில்வண்டு குடி வந்துவிட்டது. அம்மா தண்ணீர் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. தெருவில் அத்தை பையனும் நானும் ஒருவருக்கொருவர் கத்திப் பேசிக்கொண்டோம். அவன் அப்பாவுக்கு உள்ள மருந்தை அவன் குடித்துக்கொண்டிருந்தான். யோசித்துப் பாருங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் காய்ச்சல் இல்லாத பிள்ளைகள் எல்லோரும் காது அடைத்துத் தள்ளாடித் திரிந்தோம். காய்ச்சல்காரர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் மருந்து கொண்டு வருவோம் என்று காத்துக்கிடந்தார்கள். பேரேட்டில் ஒவ்வொரு நாளும் பக்கம் நிறைந்தது.

நான்காம் நாள், விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு வழியும் திறந்தது. வாய் பார்த்துப் பார்த்து டிரெஸ்ஸருக்கு அலுத்துவிட்டது. அந்த வேலையைக் கிராணியிடம் தள்ளிவிட்டார். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"விழுங்கியாச்சோ, பிள்ளை?"

தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லும்."

இன்னும் வேகமாகத் தலையாட்டினேன். அவர் என் கன்னத்தைப் பார்த்தார், கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். "ஓம், ஓம். போம்" என்று குனிந்து எழுதினார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் டிரெஸ்ஸரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை இரக்கம் என்பதா, வம்பு வேண்டாம் என்று ஒதுங்கியது என்பதா, இன்றைக்கும் எனக்கு முடிவாகவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வரிசைக்கு ஐந்து நிமிட நடை. சேற்றில் பத்து நிமிடம். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, கசப்பில் கண்ணில் நீர் வழிய, குழாயடி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே அத்தை குடத்தோடு நின்றாள்.

"ஏண்டி, அம்மா எப்படி இருக்கா?"

நான் தலையாட்டினேன்.

"நான் கேக்கறேன், நீ பாட்டுக்கு மண்டைய ஆட்டுறே? ஒன்பது வயசுல இந்த ராங்கியா? வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று என் இரண்டு கன்னத்தையும் சேர்த்துப் பிடித்து அழுத்தினாள்.

மருந்து அவள் ரவிக்கையில் பீய்ச்சியடித்தது. அவள் கூச்சலிட்டாள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவள் கேட்டாள். சொல்லக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. இத்தனைக்கும் அவள் வீட்டிலும் அதே கதைதான்.

ஐந்தாம் நாள் சுற்றுவழியில், மரக்கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வந்து டம்ளரில் துப்பினேன். டம்ளரின் அடியை மறைக்கும் அளவு இருந்தது. அதில் பாதிக்கு மேல் என் எச்சில்தான் இருக்கும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய எச்சிலும் படாத பாத்திரத்தில்தான் குடிப்பாள் அவள். அப்பா குடித்த டம்ளரைக்கூடக் கழுவித்தான் எடுப்பாள். எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள்தான் படம். அன்று காலை அம்மா என்னைப் பார்த்து, "அப்பா வந்ததும் கதவைத் திற, வெளியே நிக்கிறாரு பாரு" என்றாள். வெளியே யாரும் இல்லை. நான் யார் என்று அவளுக்குத் தெரிந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று கொயினாவை வாயில் வாங்கும்போது ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கக் கூடாது என்று நாக்கை மடித்து அடைத்துக்கொண்டேன். கிராணியைத் தாண்டியாயிற்று. வாசலுக்கு இன்னும் நாலடி. அப்போது உதவியாள் ஒருவர் என் தோளைப் பிடித்தார்.

"பாப்பா, இங்க வா, முன்னால நில்லு. படம் பிடிக்கிறாங்க."

படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி எங்களை இடமும் வலமும் நகர்த்தினார். டிரெஸ்ஸர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அசையாதீங்க. மூச்சு விடாதீங்க." விடவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். அவர் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னொண்ணு எடுத்துக்கறேன். அந்தப் பொண்ணு ஏன் இப்படி முறைக்குது? சிரி பாப்பா, நல்லாச் சிரி!" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிரெஸ்ஸரும் பார்த்தார். விழுங்கினேன். விழுங்கிவிட்டுச் சிரித்தேன்.

அந்த இரண்டாவது படம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. சங்கச் சுவரில் தொங்குவது முதல் படம்.

ஏழாம் நாள் சாயங்காலம் குழு கிள்ளானுக்குத் திரும்புவதாக இருந்தது. காலை வரிசையில் டிரெஸ்ஸர் கரண்டியை நீட்டி, "வாயைத் திற" என்றார். திறந்தேன். மருந்து உள்ளே போவதற்கு முன் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சல் இல்லே! எங்கம்மாவுக்குத்தான் காய்ச்சல்! என்னைய ஏன் குடிக்க வைக்கிறீங்க?"

காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். பிறகு எனக்குப் பின்னால் அத்தை பையன் கத்தினான்: "எங்கப்பாவுக்கு!" அவனுக்குப் பின்னால், "எங்க அண்ணிக்கு!" வரிசைக் கடைசியிலிருந்து ஒரு சின்னப் பையன், "எங்க வீட்டுல எல்லாருக்கும்!"

டிரெஸ்ஸர் கரண்டியை வாளிக்குள் போட்டார். பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார்.

"அப்ப இந்த லைன்ல ஒருத்தனுக்குக்கூடக் காய்ச்சல் இல்லையா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று டிரெஸ்ஸர் என்னிடம் சீறினார். "ஏழு நாளா வாய்ல என்ன இருந்துச்சு?"

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

அப்போதும் மருந்தைக் கையில் கொடுத்தாரா என்றால், இல்லை. "ஆளைப் பார்க்காமக் கொடுக்க மாட்டேன். கூட்டிட்டு வா" என்றார். ஸ்டேஷன் போர்ட்டர் ஒருவர் சாமான் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். வீட்டில் அம்மாவுக்கு அன்று கொஞ்சம் நினைவு தெளிந்திருந்தது. வண்டியைப் பார்த்தாள். "பெரட்டுக்கா?" என்றாள். நான் அழத் தயாரானேன். அவள் எழுந்து உட்கார்ந்து, அந்த வீட்டில் நனையாமல் தப்பிய ஒரே பட்டுச் சேலையை எடுக்கச் சொன்னாள். போர்ட்டர் வெளியே வெயிலில் நிற்க, அவள் நடுங்கும் கையால் கொசுவம் வைத்து, தலை சீவி, பொட்டு வைத்து முடிக்கிற வரைக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. மூட்டைகளை ஏற்றும் வண்டியில் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

மேஜைக்கு முன்னால் கோப்பை அவள் பல்லில் மோதிக் கடகடவென்று ஆடியது. பாதி சேலையில் கொட்டியது. அந்த ஏழு நாளில் முதல் தடவையாக டிரெஸ்ஸர் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். கோப்பையைத் தானே பிடித்துக்கொண்டார். குடித்து முடித்ததும் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாக்கைக் காட்டணுங்களா ஐயா?"

"வேணாம்மா" என்றார் அவர். பேரேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கொயினாப் பொடியைப் பொட்டலம் பொட்டலமாக மடித்து என் போத்தலில் போட்டுக் கொடுத்தார்.

குழு அன்று கிளம்பவில்லை. மேலும் மூன்று நாள் இருந்தார்கள். மேஜையை எங்கள் வரிசை முனைக்கே தூக்கி வந்தார்கள். அத்தை தன் புருஷனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள். ஆனால் அப்போதும் ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆண் எப்படிப் போவது என்று அவர்களும் கூசினார்கள், எங்களவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வரிசை முனையில் நின்று, "வேற யாரும் இருக்கீங்களா?" என்று கூப்பிட்டார்கள். கேட்டவர்கள் வந்தார்கள்.

கடைசி வீட்டு அக்கா வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்று அத்தை நினைத்திருந்தாள். அத்தை பார்த்துக்கொள்கிறாள் என்று அம்மா நினைத்திருந்தாள். குழு போன மறுநாள் அப்பாவும் அவள் புருஷனும் திரும்பினார்கள். அவன்தான் கதவை உடைத்து அவள் உடலைக் கண்டான். பெரட்டுக்கு அனுப்பவும், போய்க் கத்தவும் அவளுக்கு ஒரு பிள்ளை இல்லை.

படத்தை அப்படியே செய்து காட்டுவோம் என்கிறவர்களிடம் நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். அந்தப் படத்தில் நிற்கிற பிள்ளைகளில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. மருந்து வேண்டியவர்கள் யாரும் அந்தப் படத்தில் இல்லை.

இனி நான் செய்யப்போவது. காரியதரிசியிடம் இரண்டாவது தடவை போனேன். இந்தத் தடவை டீக்கு முன்னால். மேஜை வேண்டாம், வரிசை வேண்டாம், நாம் வீடு வீடாகப் போகலாம், பெண்களே போகலாம் என்றேன். "வயசுப் பொண்ணுங்க வீடு வீடா ஏறி இறங்கறதாவது!" என்றார். சரி, ஒரே ஒரு சந்தில் செய்து காட்டுகிறேன், அப்புறம் பேசுங்கள் என்றேன். என் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நம் தோழி வருகிறாள். கொயினாவைப் பொட்டலம் கட்டித் தர ஒரு டிரெஸ்ஸரையும் அவளே சம்மதிக்க வைத்துவிட்டாள். ஆறு பேர் சேர்ந்துவிட்டோம். ஆற்றோரத்துச் சந்தில் இப்போதே காய்ச்சல் இருக்கிறது, வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் எழுதி, கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக நம்பர் போட்டு, நேற்று அடுக்களையில் அம்மாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். முதல் கேள்வி: இந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் உண்டா?

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "முன் வாசல்லயா போய் இதைக் கேக்கப் போறீங்க?"

"ஆமா."

"புருஷன் இருந்தா, 'எல்லாரும் நல்லா இருக்கோம்'பான். பின்பக்கமாப் போங்க. அடுப்படிக் கதவைத் தட்டுங்க."

அடித்துத் திருத்தினேன். "அப்புறம்?"

"காய்ச்சலான்னு கேக்காதே. எவளும் ஆமான்னு சொல்ல மாட்டா. நான் சொன்னேனா?"

"பின்னே என்னத்தைத்தாம்மா கேக்கறது?" எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து நம்பர் போட்ட கேள்விகள்.

அவள் களைந்த தண்ணீரை ஊற்றினாள்.

"இன்னைக்கு உங்க வீட்டுல அடுப்பு மூட்டினது யாருன்னு கேளு. 'நான்தான்'னு சொன்னா, கரி இருக்கான்னு கையைப் பாரு. பிள்ளைங்களைச் சொன்னா உள்ளே போ. பதிலே வரலைன்னா கதவைத் தள்ளிட்டுப் போ."

என் கேள்விகள் மொத்தத்தையும் கிழித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆற்றோரத்துச் சந்தின் பின்பக்கம். ஆறு பேர் இல்லை, ஏழு பேர். முதல் கதவை அம்மா தட்டுகிறாள்.